ஆறாம் அத்தியாயம்: பழைய கணினிக்குச் சிக்கனமாக ஒரு ஹார்டு டிஸ்க்

சென்ற அத்தியாயங்களில் பெட்டியைத் திறந்து தூசி தட்டி, பவர் சப்ளையின் அளவுகளை மீட்டர் வைத்துப் பார்த்து, ரேம் துண்டுகளின் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துச் செருகி, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஓடுகிற கட்டம் வரையில் வந்துவிட்டோம். அதற்கப்பால் அந்த யந்திரம் ஓரடி நகர வேண்டுமானால் அதற்கு ஹார்டு டிஸ்க் வேண்டும். இந்த இடத்தில்தான், இதுவரை நூறும் இருநூறுமாகச் செலவழித்து வந்த அன்பர்கள், திடீரென்று உற்சாகம் மேலிட்டு, யந்திரத்தின் சக்தியையும் யோசியாமல் கைப்பணத்தின் இருப்பையும் யோசியாமல், கடைக்காரர் நீட்டுகிற மிகப் பெரிய டிஸ்கை வாங்கிக்கொண்டு வந்து, அது ஏன் ஓடவில்லை என்று என்னைக் கேட்கிறார்கள். ஓடாததற்குக் காரணம் டிஸ்க் பழுதானது என்பதல்ல. அது அளவுக்கு மீறிப் பெரியது என்பதுதான். சிக்கனம் என்று தலைப்பில் போட்டிருப்பதற்கு விலை மட்டும் காரணமல்ல, இதுவும் ஒரு காரணம்.

முதலில் எந்தக் கணினியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது உசிதம். நம் தேசத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைக்கு முதன்முதலாகக் கணினி எட்டியது 1984-85-ல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தின் வாயிலாக. அதில் வந்தவை இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோக்கள். அதே பத்தாண்டில் புனேயில் பூட்டப்பட்ட டெசிபெல் ஸ்பெக்ட்ரம் பெட்டிகளும் சில வீடுகளுக்குப் போயின. அவை டேப் ரெக்கார்டரையும் ஃபிளாப்பியையும் நம்பி வாழ்ந்தவை. அவற்றுக்கு இக்காலத்தில் எஸ்டி கார்டு செருகும் தனிப் பலகைகள் கிடைக்கின்றன, அவற்றைப் பத்தாம் அத்தியாயத்துக்கு ஒத்திவைக்கிறேன். திருமானூர், கீழப்பழுவூர், அரியலூர் வட்டாரத்தில் பரணிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து உட்காருகிறவை பெரும்பாலும் 1993 முதல் 2000 வரையில் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ சென்னை ரிச்சி தெருவிலோ உதிரிப் பாகங்களாக வாங்கிப் பூட்டிய ‘அசெம்பிள்டு’ பெட்டிகள்: 486, அல்லது பென்டியம். தட்டச்சுப் பயிலகத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு என்று பலகை மாட்டிய காலத்தில் வந்தவை, கல்யாணப் பத்திரிகை அச்சிடுகிறவர்கள் டிடிபி வேலைக்கு வாங்கியவை, அரபு நாட்டிலிருந்து வந்த பணத்தில் பிள்ளைக்கென்று வாங்கிக் கொடுத்தவை. இவையெல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சௌகரியம் உண்டு: 40 முள் கொண்ட ஐடிஇ இணைப்பு. 1986-ல் காம்பாக் நிறுவனத்தின் 386 கணினியில் வெளிப்பட்ட இந்த ஏற்பாடு, இருபது ஆண்டுகளுக்குமேல் உருவத்தில் மாறாமலே இருந்தது. ஆகையால் 2005-ல் செய்த டிஸ்கை 1994-ல் செய்த யந்திரத்தில் செருகினால் இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும், வேகத்தில் மட்டும் பெரியது சிறியதற்கு இறங்கி வரும். அதற்கும் முந்திய எக்ஸ்டி வகைப் பெட்டி உங்களிடம் இருந்தால், அதன் 8 பிட் செருகுவாயில் பொருந்துகிற எக்ஸ்டி-ஐடிஇ என்ற பலகையை வாங்கிக்கொண்டு, பிறகு இந்த அத்தியாயத்தை மேற்கொண்டு படிக்கலாம்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி. உள்ளே இருக்கிற டிஸ்க் உண்மையிலேயே செத்துவிட்டதா?

இதை நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன். 1995-ல் வாங்கி, பத்தாண்டு உழைத்து, பிறகு நெல் மூட்டைகளுக்கு மேலே பரணில் கிடந்த என்னுடைய 486 பெட்டியை இறக்கிப் போட்டபோது, ஹார்டு டிஸ்க் இல்லை என்று திரை சொல்லிற்று. நானும் அதை நம்பினேன். 420 எம்பி டிஸ்கைக் கழற்றி, பழைய இரும்புக்காரருக்காக ஒதுக்கியிருந்த சாக்கில் போட்டேன். அவரும் வந்து எடை போட்டு எடுத்துக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து வேறொரு டிஸ்கை வாங்கி மாட்டியபோது அதையும் இல்லை என்றே யந்திரம் சொல்லவே, அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டிற்று. பழுது டிஸ்கில் இல்லை. யந்திரத்தின் அமைப்புக் குறிப்புகளைக் காத்து வைக்கிற சிறிய பேட்டரி தீர்ந்துபோய், தனக்குள் எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், எத்தனை செக்டர் கொண்ட டிஸ்க் பூட்டியிருக்கிறது என்பதையே அது மறந்துபோயிருந்தது. அந்த எண்கள் மூன்றும் டிஸ்கின் முதுகிலேயே ஒட்டியிருந்த தாளில் அச்சிட்டிருந்தன. எண்களைத் தட்டச்சு செய்திருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் பத்தாண்டுக் கல்யாணப் பத்திரிகைகளும் காதணி விழா அழைப்புகளும் என்னிடமே இருந்திருக்கும்.

ஆகவே பேட்டரியை முதலில் பாருங்கள். பென்டியம் பெட்டிகளில் அது பெரும்பாலும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். 486 பலகைகளில் நீலப் பீப்பாய் போன்ற ஒன்று பற்றவைத்திருக்கும். அது கசிந்து சுற்றுப்புறக் கம்பிகளைப் பச்சைப் பூக்க வைத்திருந்தால் அதை வெட்டி எடுக்கும் முறையை மூன்றாம் அத்தியாயத்தில் சொல்லியிருக்கிறேன். பேட்டரி மாற்றிய பின், தொடக்கத்தில் டெலிட் விசையை அழுத்தி அமைப்புப் பக்கத்துக்குள் போய், டிஸ்கைத் தானாகக் கண்டறியச் சொல்லுங்கள். அந்த வசதி இல்லாத பழம்பெட்டியானால் 47-ஆம் வகை, அல்லது ‘யூசர்’ என்றிருப்பதைத் தேர்ந்து மூன்று எண்களையும் கையால் இடுங்கள்.

பழைய டிஸ்க் உயிரோடு இருந்தால், அதை மேலும் உழைக்க வைப்பதற்கு முன்னால் அதிலுள்ளதை வேறிடத்துக்கு நகல் எடுத்துவிடுவது முதற்கடமை. யுஎஸ்பி-ஐடிஇ மாற்றி என்ற சிறு கம்பியும் அதனோடு வருகிற தனி மின்பெட்டியும் இதற்குப் போதும். இந்தப் புத்தகத்தில் நான் வாங்கச் சொல்லும் கருவிகளிலே, மறுபடி மறுபடி கைகொடுப்பது இதுதான். நகலெடுத்த தமிழ்க் கோப்புகள் புதுக் கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குறிகளாகத் தெரியும், பயப்பட வேண்டாம். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி, அதை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகளை அறிவிக்கும் வரையில், ஒவ்வொரு மென்பொருளும் எழுத்துகளுக்குத் தன் மனம்போன எண்களைக் கொடுத்து வந்தது. ஏகார ஓகாரங்களின் வடிவத்தைச் சீர்செய்ததாக நாம் போற்றுகிற வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி நமது திருமானூர் ஒன்றியத்திலேயே இருந்தும், நம் அச்சகக்காரர்களின் எழுத்துக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு முனிவரும் வரவில்லை. எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து நகலெடுங்கள். அவை இல்லாமல் மற்றவை வெறும் புள்ளிகளே.

டிஸ்க் நிஜமாகவே செத்துவிட்டது என்று நிச்சயமான பிறகே கடைக்குப் போக வேண்டும். அப்போதும், கடைக்குள் நுழைவதற்கு முன் ஓர் எண் உங்கள் மனத்தில் இருந்தாக வேண்டும்: என் யந்திரத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு பெரிய டிஸ்க் கண்ணுக்குத் தெரியும்?

இதன் தத்துவத்தை நம் ஊர் உழவர்களுக்குச் சொல்லி விளங்க வைப்பது மிக எளிது. புள்ளம்பாடி வாய்க்காலில் கரை தொட்டுத் தண்ணீர் போனாலும், வயலுக்கு வந்து சேர்வது இடையிலுள்ள மதகும் மடையும் விடுகிற அளவுதான். இரண்டில் எது குறுகலோ அதுவே கணக்கு. கணினியிலும் அப்படி இரண்டு திறப்புகள் உண்டு. யந்திரத்தின் பயாஸ் என்ற உள்ளமை நிரல், சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8 பிட், செக்டருக்கு 6 பிட் என்று இடம் ஒதுக்கியிருந்தது. ஐடிஇ டிஸ்கோ, சிலிண்டருக்கு 16, ஹெட்டுக்கு 4, செக்டருக்கு 8 என்று ஒதுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் குறுகலானதை எடுத்துக்கொண்டால் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். பெருக்கினால் 10,32,192 செக்டர்கள். செக்டருக்கு 512 பைட் வீதம் 52,84,82,304 பைட்டுகள். ஏறக்குறைய 1994 வரையில் செய்த 486 பெட்டிகள் பலவும் இந்த 528 எம்பி என்ற மடையைத் தாண்டிப் பார்க்க மாட்டா. தனித்தனியே பார்த்தால் இரண்டு ஏற்பாடுகளும் தாராளமானவை. சேர்ந்தபோதுதான் இந்த ஏழ்மை வந்தது.

பிறகு வந்தவர்கள் எல்பிஏ என்ற யுக்தியால் மடையை அகலப்படுத்தினார்கள். ஆனாலும் ஒரே நாளில் அல்ல. நடுக்காலப் பென்டியம் பெட்டிகள் சில 2.1 ஜிபியில் நின்றன, 8.4 ஜிபியில் நின்றவை அனேகம். 1999-ஐ ஒட்டி வந்த பல பெட்டிகளுக்கு 33.8 ஜிபி எல்லை. அதற்கடுத்த எல்லை 137 ஜிபி. எல்லையைத் தாண்டிய டிஸ்கைப் பூட்டினால் என்ன ஆகும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். சாதுவான பெட்டி, மிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் தனக்குத் தெரிந்த அளவை மட்டும் காட்டும். பிடிவாதக்காரப் பெட்டி, டிஸ்கைக் கண்டறியும் இடத்திலேயே அசையாமல் நின்றுவிடும். இவ்விரண்டையும்விடப் பொல்லாதது மூன்றாவது: எல்லா இடமும் இருப்பதாக ஒப்புக்கொண்டு, எல்லையைத் தாண்டி எழுதச் சொல்லும்போது சுற்றிக்கொண்டு போய் டிஸ்கின் தலைப்பிலேயே எழுதி, ஆறு மாத வேலையை ஒரு நொடியில் அழித்துவிடும்.

பயாஸுக்கு மேலே டாஸ் என்று இன்னொரு அதிகாரி இருக்கிறார். டாஸ் 6.22-ம் விண்டோஸ் 95-ன் முதல் பதிப்பும் கையாளுகிற ஃபாட்16 முறையில் ஒரு பகுதி 2 ஜிபிக்கு மேல் போகாது. அந்த 2 ஜிபி முழுவதையும் ஒரே பகுதியாக வைத்துக்கொண்டாலும் நஷ்டமே. அப்போது இடத்தை 32 கேபி வீதம்தான் அது அளந்து கொடுக்கும், அரைப் பக்கக் கடிதமும் 32 கேபியை அடைத்துக்கொள்ளும். 500 எம்பிப் பகுதியில் இந்த அளவை 8 கேபி. மரக்காலால் உளுந்து விற்கிற கடைக்கும் உழக்கால் விற்கிற கடைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சில்லறை வாங்குகிறவன் உழக்குக் கடைக்குப் போக வேண்டும். விண்டோஸ் 98-ம் அதன் ஃபாட்32 முறையும் இந்தக் கஷ்டத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டன.

எனவே என் அபிப்பிராயம் இது: 486 பெட்டிக்கு 500 எம்பி முதல் 2 ஜிபி, பென்டியத்துக்கு 4 முதல் 8 ஜிபி, அதற்குப் பிற்பட்ட பெட்டிக்கு 20 ஜிபி. அந்தக் காலத்து மென்பொருள்கள் யாவையும் நிறுவி, நீங்கள் ஆயுள் முழுவதும் தட்டச்சு செய்தாலும் இவை நிரம்ப மாட்டா.

இனி, வாங்குமிடம். பழைய சுழலும் டிஸ்கே வேண்டும், அந்தச் சுழற்சியின் ஓசை கேட்டால்தான் பழைய கணினியின் முன் உட்கார்ந்த திருப்தி வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனே. அவர்களுக்கு முதல் புகலிடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளின் பின்கட்டு; அடுத்தது காயலான் கடை. அரியலூர்ப் பக்கத்தில் ஒரு காயலான் கடையில், டிராக்டர் ரேடியேட்டருக்கும் உடைந்த கிரைண்டருக்கும் நடுவே, ஓர் எண்ணெய் டின் நிறைய ஹார்டு டிஸ்குகள் கிடந்ததை ஒருநாள் கண்டேன்.

“இதெல்லாம் ஓடுமா தம்பி?” என்றேன்.

“ஓடுமான்னு எனக்கு எப்படி சார் தெரியும்? எனக்கு இது கிலோ கணக்கு.”

“கரண்டு குடுத்துப் பாத்துட்டு எடுத்துக்கவா?”

“பாருங்க, அதுக்கென்ன. ஆனா வூட்டுக்குக் கொண்டுபோயி ஓடலேன்னு திருப்பி மட்டும் எடுத்தாராதீங்க. அலுமினியம்னு சேட்டுக்கு எடை சொல்லிட்டேன்.”

டின்னிலிருந்தவை பதினான்கு. அவற்றைச் சோதித்த முறையைச் சொல்கிறேன். எங்கே வாங்கினாலும் இதுவே முறை. முதலில் கண்ணால். முட்கள் வளைந்திருக்கின்றனவா, அடிப்பலகையில் ஏதாவது சில்லு கொப்பளித்துக் கருகியிருக்கிறதா, மேல்மூடியின் திருகாணிகளில் திருப்புளி பட்ட தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியை ஒருமுறை திறந்து பார்த்த டிஸ்க், எவ்வளவு பளபளப்பாயிருந்தாலும், உள்ளே தூசி ஏறிய டிஸ்க். இந்தப் பரிசோதனையிலே ஐந்து கழிந்தன. பிறகு, டேட்டா கம்பியை மாட்டாமல், நான் கையோடு கொண்டுபோயிருந்த மின்பெட்டியின் நான்கு முள் பிளக்கை மட்டும் செருகி, டிஸ்கை மேசைமேல் படுக்கவைத்து, அதன் முதுகில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டேன். நல்ல டிஸ்க், மெல்லிய முனகலாகத் தொடங்கி, ஐந்தாறு விநாடிக்குள் சுருதி ஏறி, ஓரிடத்தில் நின்று, ‘கிர்ர்’ என்று ஒரேயொரு தரம் தொண்டையைச் செருமிக்கொண்டு அடங்கும். விரலுக்கு ஒரு சீரான அதிர்வு மட்டும் தெரியும். சீரான இடைவெளியில் ‘டக்... டக்... டக்’ என்று அடித்துக்கொண்டேயிருந்தால் அதன் ஹெட் வழி தெரியாமல் தவிக்கிறது என்று பொருள். சுழலாமல் உள்ளுக்குள்ளேயே முனகினால், ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பல வருஷம் கிடந்தவற்றுக்கு இது நேர்கிறது. மணிக்கட்டைச் சட்டென்று திருப்பி அதை விடுவிக்கிற வித்தை ஒன்றுண்டு. உங்கள் சொந்தக் கோப்புகளை ஒரே ஒரு தடவை மீட்பதற்கு அது சரி, காசு கொடுத்து வாங்கும் டிஸ்குக்கு அது ஆகாது. ஒன்பதில் நான்கு சுருதியோடு சுழன்றன. நான்கையும் எடை போட்டு வாங்கினேன். ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குச் சற்று மேலே இருந்தது.

தேர்ந்தெடுக்க இடமிருந்தால், 2001-க்குப் பிற்பட்டவற்றை எடுங்கள். அந்த ஆண்டை ஒட்டித்தான், குண்டு பேரிங்குக்குப் பதிலாக எண்ணெய்ப் படலத்தில் தண்டு சுழலும் வகை பரவத் தொடங்கிற்று, அவை இரைச்சலின்றி நீண்டநாள் ஓடும். நிமிஷத்துக்கு 7200 சுற்று ஓடுவதைவிட 5400 ஓடுவது நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்றது. இத்தகைய டிஸ்குகள் 20, 40 ஜிபி என்று இருக்குமே, என் பழைய பெட்டிக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். இரண்டு வழி. ஒன்று, பல டிஸ்குகளின் பின்புறத்தில் தன்னை 32 ஜிபி என்று குறைத்துச் சொல்லும்படி செய்கிற ஜம்பர் இருக்கும். எங்கே போட வேண்டும் என்பது முதுகுத் தாளிலேயே படமாக இருக்கும். மற்றொன்று, 486-க்கு ஏற்றது: அமைப்புப் பக்கத்தில் தானாகக் கண்டறியச் சொல்லாமல், 1023, 16, 63 என்ற மூன்று எண்களை நீங்களே கையால் இட்டுவிடுவது. டிஸ்க் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொண்டு 528 எம்பி டிஸ்காகவே சமர்த்தாக நடந்துகொள்ளும். 40 ஜிபியில் மிச்சமெல்லாம் வீண்தானே என்றால், வீண்தான். ஆனால் எடைக்கு வாங்கிய சரக்கில் வீண் பார்ப்பது தர்மமல்ல. பயாஸை ஏமாற்றிப் பெரிய டிஸ்கைக் காட்டுகிற துவக்க மென்பொருள்கள் அந்தக் காலத்தில் டிஸ்கோடு இலவசமாகவே வந்தன. அவற்றை நான் சிபாரிசு செய்வதில்லை. தலைப்புச் செக்டரில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு சின்னஞ்சிறு நிரல் கெட்டால், டிஸ்க் முழுவதும் பூட்டிய வீடாகிவிடும்.

தஞ்சாவூரில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவையாறு கடந்து, கொள்ளிடம் பாலம் ஏறி இறங்குகிற வரையில் டிஸ்கை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் மேல் தட்டிலோ காலடியிலோ வைக்க வேண்டாம். ஒரு பழைய துண்டில் இரண்டு சுற்று சுற்றினால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் அவசரப்பட்டுப் பூட்டாதீர்கள். பவர் சப்ளையின் சிவப்புக் கம்பியில் 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும், மஞ்சள் கம்பியில் 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும் வோல்ட் இருக்கிறதா என்று மறுபடி ஒருமுறை பாருங்கள். ரிப்பன் கேபிளின் சிவப்பு ஓரம் டிஸ்கின் முதல் முள்ளுக்கு, அதாவது பெரும்பாலும் மின் பிளக் இருக்கும் பக்கத்துக்கு, வர வேண்டும். ஒரே கம்பியில் சிடி டிரைவும் இருந்தால் டிஸ்குக்கு ‘மாஸ்டர்’ ஜம்பரும் சிடி டிரைவுக்கு ‘ஸ்லேவ்’ ஜம்பரும் இடுங்கள். பிறகு எஃப்டிஸ்க் கொண்டு பகுதி பிரித்து, வடிவமைத்து, ஸ்கேன்டிஸ்கில் மேற்பரப்புச் சோதனை முழுவதையும் ஓட விடுங்கள். அது இரவெல்லாம் ஓடினாலும் ஓடட்டும். ஓரிரு கெட்ட இடங்கள் தெரிந்தால் ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதியுங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் அதைக் காயலான் கடைக்கே திருப்பி அனுப்பலாம், அவர் எடை போட்டு எடுத்துக்கொள்வார்.

சத்தத்தில் ஆசையில்லாதவர்களுக்கும், கணினியைத் தினந்தோறும் உபயோகிக்கிறவர்களுக்கும் நான் சொல்வது வேறு. அவர்கள் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு வாங்க வேண்டும். 1994-ல் புகைப்படக் கருவிகளை மனத்தில் கொண்டு வெளிவந்த இந்தத் தீப்பெட்டி அளவான கார்டுக்குள், ஐடிஇ பாஷை பிறவியிலேயே இருக்கிறது. ஆகையால் அதை 40 முள்ளோடு சேர்க்கிற பலகையில் புத்தியுள்ள சில்லு எதுவும் தேவையில்லை, வெறும் கம்பிகளே போதும், விலையும் மிகக் குறைவு. சுழலுவதில்லை, சுடுவதில்லை, பழைய பவர் சப்ளைக்குப் பாரமுமில்லை. பலகையில் 3.3 என்றும் 5 என்றும் ஒரு ஜம்பர் இருக்கும், 5-லேயே வையுங்கள். மின்சாரம் இருக்கும்போது கார்டைப் பிடுங்குகிற பழக்கம், கேமராவோடு நின்றுவிட வேண்டும்.

பெரிய பெயர் போட்ட போலிக் கார்டுகள் ஏராளமாக நடமாடுகின்றன. 32 ஜிபி என்று முகத்தில் எழுதியிருக்கும், உள்ளே 4 ஜிபிகூட இராது. வாங்கிய அன்றே கார்டு நிரம்பும் வரையில் கோப்புகளை எழுதி, அவை அத்தனையையும் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பாருங்கள். இதில் ஒரு விசேஷம், நமக்கு வேண்டிய 1, 2, 4 ஜிபி கார்டுகளில் போலி குறைவு. பொய் சொல்லி விற்க அதில் லாபமில்லை. ஸ்டூடியோக்காரர்களிடம் பழைய கேமராவோடு சேர்ந்து மேஜை டிராயரில் கிடக்கும் 2 ஜிபி கார்டைக் கேட்டு வாங்குவது எல்லாவற்றிலும் சிலாக்கியம்.

கார்டைப் பூட்டிவிட்டு, பகுதி பிரித்து, டாஸை ஏற்றிய பிறகும், யந்திரம் இடது மூலையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டியபடி நின்றால், கார்டு கெட்டுவிட்டதென்று நினைத்துவிடாதீர்கள். கேமராவுக்காகப் பிறந்த கார்டின் முதல் செக்டரில் துவக்க நிரல் இராது. எஃப்டிஸ்க்கும் பல சமயம் அதை எழுதாமலே போய்விடும். துவக்க ஃபிளாப்பியிலிருந்து எழுப்பி, எஃப்டிஸ்க் என்ற சொல்லை அடுத்துச் சாய்வுக்கோடும் எம்பிஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்தும் இட்டு என்டரைத் தட்டுங்கள். அவ்வளவே. ஒரு சொல்லும் வராது. ஆனால் அடுத்த தடவை டாஸ் வந்து நிற்கும். பகுதி பிரிப்பதையும் வடிவமைப்பதையும் அந்தப் பழைய யந்திரத்திலேயே செய்ய வேண்டும். புதுக் கணினியில் செய்து கொண்டுவந்தால், சிலிண்டர்-ஹெட் கணக்கு இரண்டுக்கும் ஒவ்வாமல் போகக்கூடும். விண்டோஸ் போடுகிறவர்கள் ரேமைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வது நல்லது. ரேம் பற்றாத விண்டோஸ் ஓயாமல் டிஸ்கில் எழுதி அழித்துக்கொண்டிருக்கும், கார்டின் ஆயுள் அந்த எழுத்துக் கணக்கில்தான் இருக்கிறது.

மூன்றாவது மார்க்கம் ஒன்று நம் தமிழ்நாட்டுக்கே உரியது. 2011 முதல் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில், திரை உடைந்தும் பேட்டரி உப்பியும் செத்துப்போனவை நம் பக்கத்து வீடுகளில் பீரோவுக்கு மேல் இன்னும் இருக்கின்றன. அவற்றுள் இருப்பது இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க். சாட்டாவை ஐடிஇ-யாக மாற்றுகிற பலகை இருந்தால் அது பழைய பெட்டியிலும் ஓடும். உங்கள் வீட்டுப் பிள்ளையின் மடிக்கணினியானால், அதிலுள்ளதை நகலெடுத்துக்கொண்டு தாராளமாகக் கழற்றலாம். ஆனால் அது சில நூறு ஜிபி கொண்டது. பழைய பெட்டியின் எல்லைகள் எல்லாவற்றையும் மீறியது. லினக்ஸ் ஓடுகிற ஒரு கணினியில் அதை நேராக மாட்டி, ஹெச்டிபார்ம் என்ற கருவியால் 30 ஜிபியாகவோ 8 ஜிபியாகவோ அதைச் சுருக்கிச் சொல்லப் பழக்கின பிறகே பூட்ட வேண்டும். பழைய மடிக்கணினிகளிலிருந்து கிடைக்கும் 44 முள் ஐடிஇ டிஸ்கானால் இந்தச் சிரமம் இல்லை. ஆனால் அதன் மாற்றிப் பலகையில் ஒரு வரிசை தள்ளிச் செருகிவிட்டால் டிஸ்க் அந்த க்ஷணமே கருகும். 44 முள்ளுக்கு அப்பால் ஓர் இடைவெளி விட்டு நான்கு முள் தனியே நிற்கும். அவை ஜம்பருக்கு உரியவை, அவற்றை வெளியே விட்டுச் செருகுங்கள். இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாலும் தோஷமில்லை.

சுழலும் டிஸ்கை வைத்திருப்பவர்களுக்கு, ஊரை உத்தேசித்துச் சில ஜாக்கிரதைகள். அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் எழுப்பும் புழுதி, சாலையோர வீடுகளில் இரண்டு நாளில் மேசைமேல் பேர் எழுதுகிற அளவுக்குப் படியும். டிஸ்கின் மூடியில் காற்று போய்வர ஒரு சிறு துளை உண்டு, உள்ளே வடிகட்டியும் உண்டு. புழுதிக்குப் பயந்து அந்தத் துளைமேல் டேப் ஒட்டிவிடாதீர்கள், பெட்டியைத் துணியால் மூடிவைப்பதே போதும். கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் அறையே கொதிக்கும்போது, பெட்டிக்குள் அதற்கும் மேலாக இருக்கும். பழைய டிஸ்குகள் பலவற்றுக்கு 55 டிகிரி வரைதான் அனுமதி. ஆகையால் சித்திரை வைகாசியில் காலை வேளையில் உபயோகியுங்கள், டிஸ்குக்கு நேரே ஒரு சிறு விசிறியைத் திருகுங்கள். மின்வெட்டுக்கு ஒரு சிறிய யுபிஎஸ் அவசியம். எழுதுகிற நடுவில் மின்சாரம் போனால் டிஸ்க் பிழைத்தாலும் கோப்புப் பட்டியல் பிழைப்பது அரிது.

எல்லாம் முடிந்து, யந்திரம் டிஸ்கைக் கண்டு, சி என்ற எழுத்து திரையில் வந்து நின்றதும், மூடியைத் திருகுவதற்கு முன்னால், வெள்ளைத் தாளில் ஒரு துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். அமைப்புப் பக்கத்தில் நீங்கள் இட்ட சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களையும், பேட்டரி மாற்றிய மாதத்தையும் வருஷத்தையும் அதில் எழுதி, மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். பேனா மை நம் ஊர் ஈரத்தில் கலைந்துபோகிறது, பென்சிலால் எழுதுங்கள்.